ஆட்வேரைக் கிழங்கோடு எடுப்பது எப்படி

திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சிறு பெட்டி எட்டிப் பார்க்கிறது: "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன, உடனே சுத்தம் செய்யுங்கள்". மூடினால் பத்து நிமிடத்தில் அடுத்தது வருகிறது. கூகுளில் எதையாவது தேடினால் கேள்வியே படாத ஒரு தேடுபொறி திறக்கிறது. செய்தி படிக்கப் போனால் பத்திக்குப் பத்தி விளம்பரம். வீட்டில் "வைரஸ் வந்துடுச்சு" என்பார்கள். பழுது பார்க்கும் கடையில் "ஃபார்மட் போட்டுடலாம்" என்பார்கள். பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் இது வைரஸும் இல்லை, ஃபார்மட்டும் தேவைப்படாது. இரண்டு மணி நேரம் ஒதுக்கி, வரிசை மாறாமல் செய்தால் நீங்களே சரிசெய்துவிடலாம்.

வரிசை என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வயலில் கோரைப்புல்லைப் பிடுங்கியவர்களுக்குத் தெரியும். மேலே உள்ள புல் கையோடு வந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும், நாலு நாளில் மறுபடி தலைகாட்டும். ஆட்வேர் எனும் விளம்பர நிரலும் அப்படித்தான். பிரவுசருக்குள் ஒரு துண்டு, இன்ஸ்டால் ஆன நிரலாக ஒரு துண்டு, கணினி திறக்கும்போதே தானாக ஓடும் பட்டியலில் ஒரு துண்டு என்று பிரிந்து கிடக்கும். பிரவுசரில் உள்ளதை மட்டும் நீக்கினால், மற்ற துண்டு அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது அதை மறுபடி நட்டுவிடும். "எத்தனை தடவை எடுத்தாலும் வருது" என்ற புலம்பலுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

இங்கே சொல்வதெல்லாம் விண்டோஸ் 10, 11 கணினிகளுக்கு.

பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்

ஆட்வேர் என்பது விளம்பர நிரல். உங்களுக்கு விளம்பரம் காட்டியோ, உங்கள் தேடலைத் திசைதிருப்பியோ காசு பார்ப்பது அதன் வேலை. ஸ்பைவேர் என்பது வேவு நிரல். எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள், என்ன தட்டச்சு செய்கிறீர்கள், எந்தப் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருக்கிறீர்கள் என்று பார்த்து வெளியே அனுப்புவது. ஆட்வேர் கண்ணில் பட்டே தீரும், அதன் பிழைப்பே அதில்தான். ஸ்பைவேர் கண்ணில் படாமல் இருக்கப் பார்க்கும். அதனால் விளம்பரம் நின்றுவிட்டது என்பதற்காக வேவும் நின்றுவிட்டது என்று முடிவுகட்ட முடியாது.

வைரஸுக்கும் இவற்றுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. வைரஸ் தன்னைத்தானே பிரதியெடுத்துப் பரவும். ஆட்வேரும் ஸ்பைவேரும் பெரும்பாலும் நாம் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தி, நாமே அனுமதி கொடுத்து உள்ளே வந்தவை. உரிமையாளர் சம்மதித்தார் என்ற தோற்றம் இருப்பதால்தான் சில ஆன்டிவைரஸ்கள் இவற்றை முழுத் தீம்பொருளாக (மால்வேர்) கருதாமல் "வேண்டாததாக இருக்கக்கூடும்" என்ற தனி வகையில் வைக்கின்றன. கொடுத்த அனுமதிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்குவதுதான் சுத்தம் செய்யும் வேலையில் பாதி.

முதலில் பார்க்க வேண்டியது நோட்டிஃபிகேஷன்

மூலையில் எட்டிப் பார்க்கும் அந்தப் பெட்டியை மூடுவதற்கு முன் ஒரு முறை உற்றுப் பாருங்கள். மேலேயோ கீழேயோ பொடி எழுத்தில் குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும், பக்கத்தில் ஓர் இணையதள முகவரியும் இருந்தால், உங்கள் கணினியில் எந்த நிரலும் ஏறவில்லை. என்றோ ஒரு நாள் ஒரு தளம் "நீங்கள் ரோபோ இல்லை என்று உறுதிசெய்ய அலோ என்பதை அழுத்துங்கள்" என்றிருக்கும், வீட்டில் யாரோ அழுத்தியிருப்பார்கள். உண்மையில் அங்கே கொடுத்தது அந்தத் தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பும் உரிமையை. படம் பார்க்கும் தளங்களிலும் கிரிக்கெட் நேரலைத் தளங்களிலும் இந்தத் தந்திரம் மிகப் பரவலானது.

இதை எந்த ஆன்டிவைரஸ் ஸ்கேனும் காட்டிக்கொடுக்காமல் போகலாம். அங்கே பிடிக்க எந்தக் கோப்பும் இல்லையே! குரோமில் செட்டிங்ஸ் திறந்து பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி பிளாக் கொடுங்கள். ரிமூவ் கொடுத்தால் அதே தளம் மறுபடி அனுமதி கேட்கலாம். பிளாக் கொடுத்தால் கேட்கவும் முடியாது. எட்ஜிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் செட்டிங்ஸில் உள்ள தேடல் பெட்டியில் நோட்டிஃபிகேஷன் என்று தேடினாலே அந்தப் பக்கம் கிடைத்துவிடும்.

பிரவுசரை மூடிய பிறகும் பெட்டி வருகிறதே என்று குழம்ப வேண்டாம். குரோமும் எட்ஜும் மூடிய பின்னும் பின்னணியில் ஓடக்கூடியவை. இரண்டிலும் செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதியில் அதை நிறுத்தும் பொத்தான் இருக்கிறது.

இன்னொரு வகை, திரை முழுவதையும் பிடித்துக்கொண்டு சைரன் ஒலியோடு ஒரு தொலைபேசி எண்ணைக் காட்டும் பக்கம். அதுவும் வெறும் இணையப் பக்கம்தான். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் அழைக்கச் சொல்லித் தொலைபேசி எண் இருக்கவே இருக்காது. எஸ்கேப் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். அசையவில்லை என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிரவுசரைத் தேர்ந்து எண்ட் டாஸ்க் கொடுங்கள். மறுபடி திறக்கும்போது "பழைய பக்கங்களைத் திரும்பக் கொண்டுவரவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள், இல்லாவிட்டால் அதே பக்கம் திரும்ப வந்து நிற்கும். அந்த எண்ணை அழைக்கவே கூடாது. எதிர்முனையில் இருப்பவர் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் நிரல் ஒன்றை இன்ஸ்டால் செய்யச் சொல்வார். விளம்பரத் தொல்லையாக இருந்தது அங்கிருந்துதான் பண இழப்பாக மாறுகிறது.

நோட்டிஃபிகேஷனை அடைத்த பிறகு ஒரு நாள் கணினியைப் பயன்படுத்திப் பாருங்கள். தொல்லை அதோடு நின்றால் கீழே உள்ள தோண்டும் வேலை தேவைப்படாது.

உள்ளே வரும் வழி

இலவச நிரல் ஒன்றை இறக்கி இன்ஸ்டால் செய்யும்போது வரும் சன்னலை நினைத்துப் பாருங்கள். இரண்டு வட்டங்கள் இருக்கும். ஒன்றில் "எக்ஸ்பிரஸ், பரிந்துரைக்கப்படுவது" என்று தடித்த எழுத்தில். இன்னொன்றில் "கஸ்டம், அனுபவம் உள்ளவர்களுக்கு" என்று வெளிறிய சாம்பல் எழுத்தில். கஸ்டம் என்பதை அழுத்தினால்தான் கீழே ஏற்கெனவே டிக் போட்டு வைத்த மூன்று சிறு கட்டங்கள் தெரியும்: ஒரு டூல்பார், ஒரு "கணினி வேகப்படுத்தி", முகப்புப் பக்கத்தை மாற்ற ஒப்புதல். எக்ஸ்பிரஸ் அழுத்தியவர் மூன்றுக்கும் சம்மதித்துவிட்டார். எந்த இன்ஸ்டாலராக இருந்தாலும் கஸ்டம் எடுங்கள், டிக்குகளை எடுத்துவிடுங்கள், "டிக்ளைன்" என்ற பொத்தான் வந்தால் தயங்காமல் அழுத்துங்கள். பிரதான நிரல் அதனால் நின்றுவிடாது.

கிராக், ஆக்டிவேட்டர் என்று புழங்கும் கள்ளச் சாவிகள் இதைவிட மோசம். "முதலில் ஆன்டிவைரஸை அணைக்கவும்" என்று அவற்றோடு ஒரு குறிப்பு வரும். காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் திறப்பது போன்றது அது. பாஸ்வேர்டு திருடும் நிரல்களுக்கு இதுதான் ராஜபாட்டை.

தமிழில் தட்டச்சு செய்ய ஏதேதோ தளங்களில் மென்பொருள் தேடி இறக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இன்றைய விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகையும், ஒலிப்பு முறை விசைப்பலகையும் இருக்கின்றன. டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதியில் தமிழ் மொழியைச் சேர்த்துக்கொண்டால் போதும். வெளியிலிருந்து எதையும் இறக்க வேண்டியதில்லை.

நாம் எதுவும் செய்யாமலே வருவதும் உண்டு. 2014 கடைசியில் விற்ற லெனோவோ லேப்டாப்கள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர நிரல் தொழிற்சாலையிலேயே ஏற்றப்பட்டிருந்தது. 2015 பிப்ரவரியில் அது வெளிச்சத்துக்கு வந்தது. பாதுகாப்பான பக்கங்களுக்குள்ளும் விளம்பரம் நுழைப்பதற்காக ஒரு தளம் உண்மையானதா என்று பிரவுசர் சரிபார்க்கும் நம்பிக்கைச் சான்றிதழ் ஒன்றை அது தனக்கெனக் கணினியில் பதித்து வைத்திருந்தது, அதுவும் எல்லாக் கணினிகளிலும் ஒரே சாவியோடு. அந்தச் சாவி வெளியே கசிந்ததும், வங்கித் தளம் போல் போலித் தளம் போடுகிறவர்களுக்கு வழி திறந்துவிட்டது. இதில் பாடம் வேறொன்று: நிரலை அன்இன்ஸ்டால் செய்தவர்களின் கணினியிலும் சான்றிதழ் அப்படியே கிடந்தது. புல் போனது, கிழங்கு போகவில்லை.

எக்ஸ்டென்ஷன் என்பது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கூடுதல் நிரல். நல்ல எக்ஸ்டென்ஷன் கெட்டுப்போவதும் நடக்கும். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற குரோம் எக்ஸ்டென்ஷனை 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வைத்திருந்தார்கள். 2020இல் அது வேறொருவர் கைக்கு மாறியது. 2021 பிப்ரவரியில் அதில் தீம்பொருள் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை முடக்கியது. எக்ஸ்டென்ஷன்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்பவை. போன வருடம் நம்பி ஏற்றியது இன்றும் அதே நிரல்தான் என்பதற்கு உறுதி கிடையாது.

தோண்டத் தொடங்குமுன்

வேலை முடியும் வரை அந்தக் கணினியில் வங்கிக் கணக்கையும் மின்னஞ்சலையும் திறக்காதீர்கள். முக்கியமான படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்கில் பிரதியெடுங்கள். இன்ஸ்டாலர்களையும் இறக்கிய ஜிப் கோப்புகளையும் எடுக்காதீர்கள். தொல்லை ஏறத்தாழ எந்தத் தேதியில் தொடங்கியது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த படிகளில் அந்தத் தேதிதான் துப்பு.

குரோமில் கூகுள் கணக்கோடு சிங்க் ஓடிக்கொண்டிருந்தால் அதை இப்போதே அணையுங்கள். எக்ஸ்டென்ஷன்களையும் அமைப்புகளையும் சிங்க் உங்கள் எல்லாக் கணினிகளுக்கும் கொண்டுபோகிறது. ஒரு கணினியில் நீக்கியதை இன்னொரு கணினியிலிருந்து அது திரும்பக் கொண்டுவந்துவிடும்.

முதல் தோண்டல்: இன்ஸ்டால் ஆன நிரல்கள்

பிரவுசருக்கு முன் இங்கே வருவதற்குக் காரணம், திரும்ப நடும் கை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ். விண்டோஸ் 10இல் இதன் பெயர் ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ். பட்டியலை இன்ஸ்டால் ஆன தேதிப்படி அடுக்குங்கள். நீங்கள் குறித்த தேதியை ஒட்டி, ஒரே நாளில் மூன்று நான்கு பெயர்கள் கொத்தாக வந்திருந்தால் அதுதான் நீங்கள் தேடுவது. தெரியாத பிரவுசர், கூப்பன் காட்டி, பிடிஎஃப் மாற்றி, டிரைவர் புதுப்பிப்பி போன்றவை வழக்கமான முகங்கள்.

மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ், டாட்நெட், ரியல்டெக், இன்டெல், என்விடியா என்று தொடங்குபவற்றைத் தொடாதீர்கள். அவை மற்ற நிரல்களுக்கும் ஒலிக்கும் திரைக்கும் வேண்டியவை. சந்தேகமான பெயர் என்றால் முதலில் அந்தப் பெயரை மொபைலில் தேடிப் பாருங்கள்.

அன்இன்ஸ்டால் செய்யும்போது வரும் சன்னலை நிதானமாகப் படியுங்கள். பெரிய நீலப் பொத்தான் "வைத்துக்கொள்" என்றும், கீழே கோடிட்ட சிறு எழுத்து "தொடர்ந்து நீக்கு" என்றும் இருக்கும். அவசரத்தில் பெரியதை அழுத்திவிட்டு நீக்கியாயிற்று என்று நம்புகிறவர்கள் நிறைய.

நீக்க மறுக்கிறதா? நிரல் ஓடிக்கொண்டிருப்பதால் அப்படி மறுக்கலாம். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய் 4 என்ற எண்ணை அழுத்தினால் சேஃப் மோடு வரும். இணையமும் வேண்டுமென்றால் 5. இங்கே இரண்டு தடங்கல்கள் வரலாம். டிஸ்க் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு வசதியால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கக்கூடும், முன்கூட்டியே எடுத்து வையுங்கள். இன்னொன்று, விண்டோஸ் இன்ஸ்டாலர் சேவை சேஃப் மோடில் ஓடாது. அதனால் சில நிரல்களை அங்கே அன்இன்ஸ்டால் செய்ய முடியாமல் பிழைச் செய்தி வரும். அப்படியானால் அந்த நிரலை விட்டுவிடுங்கள், பின்னால் வரும் ஸ்கேனரே அதை எடுக்கட்டும்.

இரண்டாவது: பிரவுசர்

எக்ஸ்டென்ஷன் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றின் டீட்டெயில்ஸையும் பாருங்கள். "எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தகவல்களைப் படிக்கவும் மாற்றவும்" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், அந்த எக்ஸ்டென்ஷனால் நீங்கள் திறக்கும் வங்கிப் பக்கத்தையும் படிக்க முடியும் என்று அர்த்தம். விளம்பரத் தடுப்பானுக்கு அந்த அதிகாரம் தேவை. வானிலை காட்டுவதற்கும் பின்னணிப் படம் மாற்றுவதற்கும் எதற்கு? பயன்படுத்தாதவற்றையும் சேர்த்து நீக்கிவிடுங்கள். அணைத்து வைப்பது போதாது.

ரிமூவ் பொத்தானே இல்லாத எக்ஸ்டென்ஷன் இருந்தால், அல்லது குரோம் மெனுவின் அடியில் "உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்ற வாசகம் இருந்தால், ஆட்வேர் அலுவலகங்கள் பயன்படுத்தும் கட்டுப்பாட்டு முறையைத் தனக்காக எடுத்துக்கொண்டிருக்கலாம். சில ஆன்டிவைரஸ்களும் அந்த வாசகத்தை வரவைப்பதுண்டு. அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் அது முறையானதே, கைவைக்காதீர்கள். வீட்டுக் கணினி என்றால் கீழே வரும் ஆட்வ்கிளீனர் என்ற கருவி அந்தக் கட்டளைகளைப் பெரும்பாலும் துடைத்துவிடும்.

அடுத்தது செட்டிங்ஸில் ரீசெட். "தொடக்க நிலைக்குத் திருப்பு" என்பதை அழுத்தினால் தேடுபொறியும் முகப்புப் பக்கமும் பழைய நிலைக்கு வரும், எக்ஸ்டென்ஷன்கள் அணையும். புக்மார்க்குகளும் சேமித்த பாஸ்வேர்டுகளும் போகாது, பயப்பட வேண்டாம். பழைய வழிகாட்டிகள் சில குரோமிலேயே உள்ள சுத்தம் செய்யும் கருவியைத் திறக்கச் சொல்லும். 2023இல் கூகுள் அதை எடுத்துவிட்டது. தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் பிரவுசரைத் திறந்தவுடன் அதே பழைய பக்கம் வருகிறதென்றால் ஷார்ட்கட்டைப் பாருங்கள். டெஸ்க்டாப்பில் குரோம் படத்தின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் திறந்தால், டார்கெட் என்ற கட்டத்தில் நீளமாக ஒரு பாதை இருக்கும். கர்சரை அதன் கடைசிக்குக் கொண்டுபோங்கள். வழக்கமான ஷார்ட்கட் நிரலின் பெயரோடும் ஒரு மேற்கோள் குறியோடும் முடிந்துவிடும். அதற்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு ஏதாவது இணைய முகவரி ஒட்டியிருந்தால், பிரவுசர் எத்தனை முறை ரீசெட் ஆனாலும் அந்த முகவரியோடுதான் திறக்கும். ஷார்ட்கட்டையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது சுலபம். டாஸ்க்பாரில் குத்தி வைத்திருப்பது தனி ஷார்ட்கட், அதையும் எடுத்துப் புதிதாகக் குத்துங்கள்.

மூன்றாவது: ஸ்கேன்

ஆட்வ்கிளீனரை மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடல் முடிவுகளின் உச்சியில் வரும் விளம்பர இணைப்புகளை நம்பாதீர்கள், சுத்தம் செய்யும் கருவியின் பெயரிலேயே ஆட்வேர் விற்கிறார்கள். இது இலவசம், சிறியது, இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. ஸ்கேன் சில நிமிடங்களில் முடியும். கிடைத்ததைக் குவாரண்டைன் செய்யுங்கள், அதாவது அழிக்காமல் தனி அறையில் பூட்டுவது. தவறாகப் பிடித்திருந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். முடிவில் கணினித் தயாரிப்பாளர் ஏற்றிய நிரல்கள் என்று ஒரு தனிப் பட்டியல் காட்டும். அது ஆட்வேர் பட்டியல் அல்ல, கண்ணை மூடிக்கொண்டு டிக் போடாதீர்கள்.

பிறகு விண்டோஸோடு வரும் டிஃபெண்டர். ஸ்கேன் கொடுப்பதற்கு முன் ஓர் இடத்தைத் திறந்து பாருங்கள்: விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்‌ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்க்ளூஷன்ஸ். டிஃபெண்டர் எங்கே பார்க்கக் கூடாது என்ற பட்டியல் அது. நீங்கள் எதையும் சேர்த்ததில்லை என்றால் அது காலியாக இருக்க வேண்டும். அங்கே ஒரு ஃபோல்டர் பெயரோ, ஏன், முழு சி டிரைவோ இருந்தால், தீம்பொருள் தன் ஒளிவிடத்தைத் தானே பாதுகாத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இதைப் பார்க்காமல் நூறு முறை ஸ்கேன் செய்தாலும் "எதுவும் இல்லை" என்றே வரும். பட்டியலைக் காலி செய்துவிட்டு ஃபுல் ஸ்கேன் ஓடவிடுங்கள். பழைய சுழல் ஹார்ட் டிஸ்க் என்றால் பல மணி நேரம் ஆகலாம், இரவில் விடுவது நல்லது.

அடுத்து ஆஃப்லைன் ஸ்கேன். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே சோதிக்கும். ஏறத்தாழ 15 நிமிடம். விண்டோஸ் ஓடும்போது ஒளிந்துகொள்ளத் தெரிந்தவற்றுக்கு அங்கே ஒளிய இடமில்லை. அதே செக்யூரிட்டி சன்னலில் ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல் பகுதியில் "வேண்டாத செயலிகளைத் தடு" என்ற பொருள்படும் பொத்தானையும் போட்டுவிடுங்கள். 2020இல் வந்த வசதி, பழைய கணினிகளில் அணைந்தே கிடக்கலாம்.

எப்போதும் காவல் காக்கும் ஆன்டிவைரஸ் இரண்டை ஒன்றாக ஓடவிடாதீர்கள். ஒன்று திறக்கும் கோப்பை மற்றொன்று பிடிக்கும், கணினி தவழும்.

இணையமே போய்விட்டதே!

சுத்தம் செய்து முடித்ததும் எந்தத் தளமும் திறக்காமல் போவது அடிக்கடி நடக்கும். எதையோ கெடுத்துவிட்டோம் என்று பதற வேண்டாம். ஆட்வேர் உங்கள் இணையப் போக்குவரத்தைத் தன் வழியாகத் திருப்பிவிட்டிருந்தது. ஆளைத் துரத்தியாயிற்று, வழிகாட்டிப் பலகை மட்டும் இன்னும் அவன் வீட்டையே காட்டுகிறது. செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், பிராக்ஸி என்று போங்கள். "யூஸ் எ பிராக்ஸி சர்வர்" போட்டிருந்து, முகவரியாக 127.0.0.1 என்று இருந்தால் அணையுங்கள். அந்த எண்ணுக்கு "இதே கணினி" என்று பொருள். பெரும்பாலும் இதோடு இணையம் திரும்பிவிடும்.

இல்லையென்றால் டிஎன்எஸ். தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் முகவரிப் புத்தகம் அது. உங்கள் இணைப்பின் விவரங்களில் டிஎன்எஸ் ஆட்டோமேட்டிக் என்று இருக்கட்டும். டிஎன்எஸ் சேஞ்சர் என்ற தீம்பொருள் இந்தப் புத்தகத்தையே மாற்றி வைத்து உலகம் முழுக்க விளையாடியது. 2011 நவம்பரில் அதன் பின்னணியில் இருந்தவர்கள் கைதான பிறகும், கெட்டுப்போன கணினிகளுக்கு இணையம் அறுந்துவிடக் கூடாது என்று 2012 ஜூலை 9 வரை மாற்று சர்வர்களை ஓடவிட வேண்டியிருந்தது.

அதே வைஃபையில் உள்ள மொபைலிலும் தேடல் திசைமாறுகிறது என்றால் கோளாறு கணினியில் இல்லை, ரவுட்டரில். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் டிஎன்எஸ்ஸைச் சரிசெய்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். பின்புறம் உள்ள ஊசித் துளையை அழுத்தி ரீசெட் செய்வதானால், இணைப்புக்கான யூசர் நேமும் பாஸ்வேர்டும் கையில் இருக்கட்டும். ஃபைபர் இணைப்பு என்றால் சேவை தருபவரை அழைத்துச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு ஆள் வரும் வரை இணையம் இருக்காது.

ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் முளைத்தால்

டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியைத் திறங்கள். பப்ளிஷர் என்ற கட்டம் காலியாக உள்ளவற்றை முதலில் பாருங்கள், சந்தேகமானதை டிஸேபிள் செய்யுங்கள். அடுத்து ஸ்டார்ட் மெனுவில் டாஸ்க் ஷெட்யூலரைத் தேடித் திறங்கள். இதுதான் கிழங்கு ஒளிந்திருக்கும் இடம், இங்கே எட்டிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. இடப்பக்கம் லைப்ரரியை அழுத்தினால் நடுவில் வேலைகளின் பட்டியல் வரும். ஒவ்வொன்றிலும் ஆக்‌ஷன்ஸ் டேபைப் பாருங்கள். எழுத்தும் எண்ணும் கலந்த அர்த்தமற்ற பெயர், டெம்ப் ஃபோல்டரிலிருந்து ஓடும் கோப்பு, பவர்ஷெல் என்று தொடங்கி வரிக்கணக்கில் நீளும் புரியாத எழுத்துக் குவியல் ஆகியவை கெட்ட அறிகுறிகள். உடனே அழிக்காமல் முதலில் டிஸேபிள் செய்து, இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு அழியுங்கள். ஆப்டேட்டா ஃபோல்டரிலிருந்து ஓடுகிறது என்பது மட்டும் குற்றமல்ல, வீடியோ அழைப்புச் செயலிகள் பலவும் அங்கிருந்தே ஓடுகின்றன.

இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டுமானால் மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவி உண்டு. தானாக ஓடும் எல்லாவற்றையும் ஒரே சன்னலில் காட்டும். ஆப்ஷன்ஸில் "மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறை" என்பதைப் போட்டால் பட்டியல் சுருங்கும். டிக்கை எடுத்தால் அந்தப் பதிவு முடங்கும், மறுபடி போட்டால் உயிர்பெறும். டெலிட் பக்கம் போகாதீர்கள். ஏதாவது ஒரு கோப்பு நல்லதா கெட்டதா என்று தெரியாவிட்டால் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள், பல டஜன் ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் கருத்துச் சொல்லும். ஒன்றிரண்டு மட்டும் சிவப்புக் காட்டினால் தவறான எச்சரிக்கையாக இருக்கலாம். சொந்த ஆவணங்களை அங்கே ஏற்றாதீர்கள், ஏற்றியதைப் பிறரும் பார்க்க வழியுண்டு.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு இடமும் உண்டு. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திராவின் தளத்தில் சுத்தம் செய்யும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

பாஸ்வேர்டுகள்

கிராக் ஏதும் ஓட்டியிருந்தால், அல்லது ஸ்கேனில் ஸ்டீலர் (தகவல் திருடும் நிரல்), டிரோஜன் (நல்லது போல் வேடமிட்டு நுழையும் நிரல்) என்ற பெயர்கள் வந்திருந்தால், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் போய்விட்டன என்றே வைத்துக்கொள்ளுங்கள். இவ்வகை நிரல்கள் பாஸ்வேர்டோடு குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போகும். "இவர் ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர்" என்று தளம் உங்களுக்குக் கொடுத்த அடையாளச் சீட்டு அது. சீட்டு கையில் இருப்பவனிடம் பல தளங்கள் பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது. அதனால் பாஸ்வேர்டை மாற்றுவதோடு, "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்த வேண்டும். அப்போதுதான் பழைய சீட்டு செல்லாது.

இதைச் சுத்தமான வேறு கருவியில், உங்கள் மொபைலில், செய்யுங்கள். முதலில் மின்னஞ்சல், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்குகளின் பாஸ்வேர்டையும் மீட்டுக்கொள்ளும் வாசல் அதுதான். பிறகு வங்கி, பிறகு மற்றவை. பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் இந்தியாவின் இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் முடக்க அவ்வளவு வாய்ப்பு.

எப்போது முழுதாகத் துடைப்பது

ஸ்டீலர் பிடிபட்டால், யாரோ தொலைவிலிருந்து கணினியை இயக்கியிருந்தால், இல்லை டிஃபெண்டரை மறுபடி போடவே முடியவில்லை என்றால், தோண்டிக்கொண்டிருப்பதில் பயனில்லை. செட்டிங்ஸில் ரிகவரி பகுதியில் ரீசெட் திஸ் பிசி, ரிமூவ் எவ்ரிதிங், அதில் கிளவுட் டவுன்லோடு. இது விண்டோஸைப் புதிதாக மைக்ரோசாஃப்டிடமிருந்தே இறக்கும், 4 ஜிபி அல்லது அதற்கு மேல் டேட்டா செலவாகும். "என் கோப்புகளை வைத்துக்கொள்" என்ற வழி இந்த நிலைமைக்கு வேண்டாம், கெட்ட கோப்பும் அதோடு தங்கிவிடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 அன்று நின்றுவிட்டன. கணினி தாங்குமென்றால் இந்தச் சந்தர்ப்பத்திலேயே 11க்கு மாறிவிடுங்கள்.

விண்டோஸ் புதிதாக எழுந்ததும் முதலில் அப்டேட்களை முடியுங்கள். அன்றாடப் புழக்கத்துக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அல்லாத சாதாரணக் கணக்கு ஒன்றைத் திறங்கள், பிள்ளைகளுக்கும் தனிக் கணக்கு கொடுங்கள். சாதாரணக் கணக்கிலிருந்து கணினி முழுமைக்கும் ஒன்றை இன்ஸ்டால் செய்யப் பார்த்தால் பாஸ்வேர்டு கேட்கும், அந்த இடத்தில் பலது நின்றுவிடும். பேக்கப் டிஸ்க்கை இணைத்ததும் திறக்காமல், அதன் மேல் வலது கிளிக் செய்து டிஃபெண்டரால் ஸ்கேன் செய்யுங்கள். கடைசியாகக் குரோமில் நுழையும்போது சிங்க்கில் "எல்லாம்" என்பதை விட்டுவிட்டு, புக்மார்க்குகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாகக் கையால் போட்டுக்கொள்ளலாம்.